அப்பாவின் புது பிளேடு

எங்கள் வீட்டுத் தமிழில் மனித உடம்புக்கு இடுப்பு உண்டு, முழங்கால் உண்டு. நடுவில் ஒன்றும் கிடையாது. அங்கே ஏதாவது வந்தால் 'அடிவயிறு' என்று மேலே ஏற்றிச் சொல்வார்கள், இல்லாவிட்டால் 'தொடை' என்று கீழே இறக்கிச் சொல்வார்கள். டில்லி துவாரகாவில் பிறந்து வளர்ந்த எனக்குத் தமிழைவிட இந்தி நன்றாக வரும். இருந்தும் அந்தப் பிரதேசத்துக்கான மரியாதையான சொல் எந்த மொழியிலும் எனக்குச் சொல்லித்தரப்படவில்லை. அதனால் யாருக்கும் நஷ்டம் வரும் என்று அப்போது தோன்றவில்லை.

சித்தி தென்காசிப் பக்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தது நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில். அம்மாவுக்குத் தங்கை. சித்தப்பா சீக்கிரமே போய்ச்சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. ஊரில் ரவிக்கை தைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்றும், அது நல்ல கட்டி மாதிரித் தெரியவில்லை, சீக்கிரம் எடுத்துவிட வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். டில்லிப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தேதி கிடைப்பது வைகாசியில் கல்யாண மண்டபம் கிடைப்பது மாதிரி. அப்பா தன் ஆபீஸில் யாரையோ பிடித்து, அவர் இன்னொருவரைப் பிடித்து, எப்படியோ ஒரு தேதி வாங்கிவிட்டார். அதைச் சொல்லும்போது பதவி உயர்வு வந்தவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

அம்மாவின் இந்தி காய்கறி வண்டியோடு முடிந்துவிடும். சித்திக்கு அதுவும் கிடையாது. அதனால் ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மொழிபெயர்ப்பாளராக என்னையும் கூட்டிப்போனார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நர்ஸ் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். வெறும் வயிற்றோடு வர வேண்டும், வளையல் கழற்ற வேண்டும், நகப்பூச்சு கூடாது. கடைசியில் நர்ஸ் குரலைக் கொஞ்சம் இறக்கி ஒன்று சொன்னாள்.

"கீழ இருக்கற முடியை வீட்டுல எடுக்கக் கூடாதாம் சித்தி. அன்னிக்குக் காலையில இங்கயே எடுத்துருவாங்களாம்" என்று நான் வார்டு முழுக்கக் கேட்கும்படி அறிவித்தேன்.

அம்மா என் கையைக் கிள்ளினாள். எதற்குக் கிள்ளினாள் என்று தெரியவில்லை. சித்தியின் சடை இடுப்புக்குக் கீழே தொங்கும். அதன் நுனியைத்தான் வெட்டப்போகிறார்கள் என்று நினைத்து எனக்கே மனசு கஷ்டமாக இருந்தது. சித்தி என்னைத் தன் பக்கம் இழுத்து, காதருகே குனிந்தாள்.

"ஏட்டி, அத யாரு செய்வாவன்னு கேளு."

கேட்டேன். கையில் அடுக்கிய ஃபைல்களோடு நர்ஸ் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஜோ டியூட்டி பே ஹோகா" என்றாள். டியூட்டியில் இருக்கிறவர் செய்வார். அதை அப்படியே சித்தியிடம் ஒப்பித்தேன். அந்த நேரத்தில் நீலச் சட்டை போட்ட ஒரு ஆள் திரையை விலக்கிக்கொண்டு ஸ்ட்ரெச்சரைத் தள்ளி வந்தான். அதில் ஒரு வயதான அம்மா படுத்திருந்தாள். விலகியிருந்த போர்வையை அவன் ஒரு கையால் இழுத்து மூடிவிட்டு, மறு கையால் ஃபோனில் பேசிச் சிரித்துக்கொண்டே போனான். சித்தி அவன் போகும்வரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு மூன்று நாள் கழித்து அப்பா ஷேவ் செய்யப் போனவர் கூடத்துக்கு வந்து விசாரணைக் கமிஷன் வைத்தார். புது பிளேடு பாக்கெட்டைப் பிரித்தது யார்? முதல் சந்தேகம், வழக்கம்போல, என் பென்சில் டப்பா மேல் விழுந்தது. நான் இல்லை என்றேன். இல்லை என்று சொன்னதற்கே தனியாகத் திட்டு விழுந்தது. சித்தி அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வண்டிக்காரனை நிறுத்தி எனக்கு ஒரு குல்ஃபி வாங்கிக்கொடுத்தாள். திட்டு வாங்கினால் குல்ஃபி கிடைக்கும் என்றால் தினமும் ஒரு பிளேடு தொலையலாமே என்று நினைத்துக்கொண்டேன்.

துவாரகாவில் அப்போது டாங்கர் தண்ணீர்தான். உப்பு ஏறிய தண்ணீர், சோப்பு நுரைக்கவே நுரைக்காது. அப்பா கன்னத்தைச் சிரைத்துக்கொண்டாலே அரை நாள் எரிகிறது என்பார். மே மாதத்து டில்லி வேறு. அந்தத் தண்ணீரில், கண்ணாடியும் வெளிச்சமும் போதாத குளியலறையில், பழக்கமில்லாத கையால், ஒரு பெண் பயந்து பயந்து என்ன செய்திருப்பாள் என்பதை இன்று என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் சித்தியின் நடை மாறியதுதான். காலை அகட்டி அகட்டி நடந்தாள். உட்கார்ந்து சாப்பிடாமல் நின்றுகொண்டே சாப்பிட்டாள். டி.வி. பார்க்கும்போது பாதியில் எழுந்து குளியலறைக்கு ஓடினாள்.

"வேர்க்குருதாம்ட்டி" என்றாள் கேட்டதற்கு.

வேர்க்குரு எனக்குத் தெரிந்த விஷயம். என் அலமாரியிலிருந்து சில்லென்று இருக்கும் பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து, முழுசாக எடுத்துக்கொள்ளலாம் என்று தாராளமாகக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு உள்ளே போனவள் சற்று நேரத்தில் கண்ணெல்லாம் தண்ணீராக வெளியே வந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள். என் பவுடர் அவ்வளவு குளிர்ச்சி என்று எனக்குக் கர்வம்.

மறுநாள் அம்மா என்னைப் பார்க்குக்கு அனுப்பி வேப்பிலை பறித்து வரச் சொன்னாள். பை நிறையப் பறித்துக்கொண்டு திரும்பும்போது எங்கள் குடியிருப்புக் காவலாளி, "என்ன மகளே, வீட்டில் யாருக்காவது மாதாவா?" என்று கேட்டார். அம்மை போட்டிருக்கிறதா என்று அர்த்தம். ஆமாம் என்று சொல்லிவைத்தேன், அதில் ஒரு கம்பீரம் இருந்தது. அன்றிலிருந்து பக்கத்து ஃபிளாட்காரர்கள் லிஃப்டில் எங்களோடு ஏறுவதை நிறுத்திவிட்டார்கள். அப்பாவுக்குக் காரணம் கடைசிவரை பிடிபடவில்லை.

அந்த வேப்பிலைத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தபோதுதான் அம்மாவும் சித்தியும் குளியலறைக்குள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது.

"ஏளா, என்ன காரியம் செஞ்சு வச்சிருக்க! வீட்ல வச்சு எடுக்காதன்னுதான சொன்னாவ?" இது அம்மா.

"எவனோ ஒருத்தன் முன்னால துணியில்லாமக் கெடக்கதுக்கு இந்த அரிப்பத் தாங்கிக்கிடலாம்க்கா."

எவன் என்று எனக்குப் புரியவில்லை. சித்தியின் சடை முழுசாக அப்படியேதான் இருந்தது.

சித்திக்குப் பொடிப்பொடியாகப் பரு வந்தது, அது சொறிந்து புண்ணாகி, புண் சீழ் வைத்தது. தேதி வருவதற்குள் ஆறிவிடும் என்று இரண்டு பேரும் வேண்டிக்கொண்டு அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே டாக்டரம்மா பார்த்துவிட்டு வெளியே வந்து அம்மாவைச் சத்தம் போட்டாள். இந்தத் தோலில் கத்தி வைத்தால் சீழ் உள்ளே போகும், ஆறட்டும், வேறு தேதி வாங்குங்கள். அதையும் நான்தான் தமிழில் சொன்னேன். வரிசையில் எங்களுக்குப் பின்னால் இருந்தவர் அந்த இடத்துக்கு வந்துவிட்டார். எங்களுக்கு மழைக்காலம் கழிந்து ஒரு தேதி போட்டுக்கொடுத்தார்கள். அப்பா மறுபடி ஆள் பிடித்துப் பார்த்தார். ஒரு தடவை இழுத்த கயிறு மறு தடவை வரவில்லை.

திரும்பி வரும்போது மெட்ரோவில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சித்தி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரே சந்தோஷம், விடுமுறை முழுக்கச் சித்தி எங்களோடுதான் இருப்பாள். அதை வாய்விட்டும் சொன்னேன். "ஆமாட்டி, எங்க போகப் போறேன்" என்று என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

மழை முடிந்து, அந்தத் தேதியும் வந்து, வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, கட்டி பரவிவிட்டது என்று மூடிவிட்டார்கள். பொங்கலுக்குச் சித்தி இல்லை. முதல் தேதியிலேயே செய்திருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கலாம் என்று டாக்டரம்மா அம்மாவைச் சமாதானப்படுத்தினாள். ஆகியிருக்கலாம். அம்மா அதை நம்பவில்லை. நான் இன்றுவரை நம்பவுமில்லை, நம்பாமலுமில்லை.

போன வருஷம் இதே டில்லியில் என் மகளை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். அன்று காலை ஒரு இளம் நர்ஸ் கையில் சின்ன மெஷினோடு என் கட்டிலுக்கு வந்தாள். நான் யோசிக்கவே இல்லை, "கௌன் கரேகா?" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. யார் செய்வது?

"நான்தான் தீதி, வேறு யார்? திரை போட்டுவிட்டேன், யாரும் வர மாட்டார்கள்" என்றாள் இந்தியில். "ரேஸர் வேண்டாம், அது கீறிவிடும், அப்புறம் ஒரே அரிப்பு. இது தோலைத் தொடாது." தன் பையனுக்கு ஸ்கூல் அட்மிஷன் கிடைக்காத கதையைச் சொல்லிக்கொண்டே வேலையை முடித்துவிட்டாள். வேலை முடிந்தபோது அந்தக் கதையே பாதியில்தான் இருந்தது. நான் அழுவதைப் பார்த்து வலித்ததா என்று பதறிப்போனாள். இல்லை என்று தலையாட்டினேன். இவ்வளவுதானா, இதற்குத்தானா என்று அவளிடம் எப்படிக் கேட்பது?

அன்று வார்டில் சித்தி என்னிடம் கொடுத்தனுப்பியது பாதிக் கேள்வி. 'ஆம்பிளையா, பொம்பிளையா' என்ற மீதியை ஒரு சின்னப் பிள்ளையின் வாயில் வைத்து அனுப்ப அவளுக்குக் கூசியிருக்கிறது. அந்த நீலச் சட்டைக்காரன் போன பிறகு அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை போய்க் கேள் என்று சொல்ல உதடு பிரிந்தது. பிறகு வேண்டாம் என்று நினைத்தாளோ என்னவோ, என் சடை ரிப்பனை அவிழ்த்து, திரும்ப இறுக்கிக் கட்டிவிட்டாள். மொழிபெயர்ப்பை நன்றாகச் செய்ததற்குத்தான் அந்தக் கவனிப்பு என்று நான் நினைத்துக்கொண்டேன்.