கேட் இல்லாத வேலி

நகரத் திட்டமிடல் என்பது, ஜனங்கள் நடக்கிற இடத்தில் வேலியும் நடக்காத இடத்தில் நடைபாதையும் போடுகிற தொழில். நான் அதில் ஆறு மாதப் பயிற்சியாளர். கடைசி வருஷப் படிப்பு. அஜ்மானிலிருந்து தினமும் பஸ் மாறி துபாய் ஆபீசுக்குப் போகிறேன்.

இதில் வஞ்சிக்கப்பட்டவர்கள், துபாயின் அல் கூஸ் பகுதியில் ஒரு கேம்ப்பில் இருக்கும் தொழிலாளர்கள். பக்கத்துக் காலி மனையைக் குறுக்கே தாண்டி ஐந்து நிமிஷத்தில் பஸ் ஸ்டாப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மனையைக் குத்தகைக்கு எடுத்த கம்பெனி சுற்றிலும் வேலி போட்டது. இப்போது சுற்றி நடந்தால் இருபத்தைந்து நிமிஷம்; இல்லையென்றால் லாரி பறக்கிற ரோட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். அவர்கள் கேட்டது, ஓர் ஆள் நுழைகிற அளவில் ஒரு கேட். அந்த மனைக்குத் திட்டம் போட்டுக் கொடுப்பது எங்கள் ஆபீஸ். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு வேலி இருக்கும். அதைச் சுற்றி நடந்து கால் வலித்தவர்கள் என்னோடு உட்காருங்கள்.

நானும் ஒரு பூனையும்

கேட் தேவையா என்று தெரிய, நடப்பவர்களை எண்ண வேண்டுமாம். என்னை அனுப்பினார்கள். எண்ணும் நேரம் காலை எட்டு முதல் பத்து. கார்கள் அதிகம் ஓடுவது அப்போதுதான். கார்க்காரரின் அவசரம்தான் நடப்பவருக்கும் அவசரம் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். கேம்ப்போ ஐந்தரைக்கே காலியாகிவிடும். எட்டு மணிக்கு வேலியோரம் நானும் ஒரு பூனையும்தான். பூனைக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

அன்று லீவில் கேம்ப்பிலேயே இருந்த ஜெயசீலன் அண்ணன் டீ டம்ளரோடு வந்தார். ஏசி மெக்கானிக், குளச்சல்காரர். என்ன செய்கிறேன் என்று விசாரித்தார், சொன்னேன். ரோட்டை ஒரு தடவை, என் படிவத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார்: "எல்லாரும் டூட்டிக்குப் போனதுக்கப்புறம் வந்து எண்ணுனா, எனக்க பேரும் உனக்க பேரும்தான் மக்களே கிடைக்கும்."

படத்து மனிதர்கள்

மனையில் வரப்போவது கஃபேக்கள் சூழ்ந்த 'பொதுப் பூங்கா'. அதன் படத்தில் ஒட்டுவதற்கு ஆபீஸ் கம்ப்யூட்டரில் தயார் மனிதர்கள் உண்டு: ஜாகிங் போகிற பெண், நாயோடு ஒருவர், பலூன் பிடித்த குழந்தை. வெயிலில் ஒருவருக்கும் வேர்ப்பதில்லை. கவரால் என்கிற முழுநீள வேலை உடுப்புப் போட்டவர் ஒருவர்கூட இல்லை. ஜெயசீலன் அண்ணனிடம் கேட்டு ஒரு போட்டோ எடுத்து, நீலக் கவராலும் சாப்பாட்டுப் பையுமாக அவரை ஒட்டினேன். பக்கத்தில் ஒரு கேட்டும் வரைந்தேன்.

என் மேலதிகாரி முரளி சார் கோயமுத்தூர்க்காரர், கோபமே வராதவர். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "ஆள் நல்லாத்தான் இருக்காரு. ஆனா வேலைக்குப் போற மாதிரி இருக்காரே. இந்தப் பார்க்குல ஆரும் வேலைக்குப் போகக் கூடாதும்மா."

பொது என்றால்

கம்பெனி மேனேஜர் மீட்டிங்குக்கு வந்தார். சென்னைக்காரர் என்றதும் எனக்கு ஓர் அற்ப நம்பிக்கை. பொதுப் பூங்கா என்று எழுதித்தானே அனுமதி கேட்கிறீர்கள், பொதுமக்கள் வர வழி எங்கே என்று கேட்டேன். மெயின் ரோட்டுப் பக்கம், பார்க்கிங் வழியாக என்றார். கார் இல்லாதவர்கள்? முரளி சார் மேஜைக்கடியில் என் காலை மிதித்தார். நான் விடவில்லை.

மேனேஜர் கோபிக்கவில்லை, சிரித்தார். அதுதான் எரிச்சல். "பாப்பா, காலேஜ்ல சொல்லித் தர்ற பொது வேற. இங்க பொதுன்னா, யாரு வேணாலும் எங்க கஸ்டமர் ஆகலாம்னு அர்த்தம்."

கருத்துக் கேட்பு

விதிப்படி அக்கம்பக்கத்தாரின் கருத்தைக் கேட்க வேண்டும். கேட்டார்கள்: செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, ஒரு ஹோட்டல் ஹாலில், ஆங்கிலத்தில். பேரீச்சம்பழமும் காவா என்கிற அரபுக் காப்பியும் இருந்தன. வந்திருந்தது நாங்களும் கம்பெனிக்காரர்களும் மட்டுமே. மிஞ்சிய படிவங்களை அள்ளிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கேம்ப்புக்குப் போனேன். ஜெயசீலன் அண்ணன் ரூம் ரூமாக ஏறி இறங்கி நிரப்பி வாங்கினார். 'கேட் முடியாதென்றால் ஒரு கம்பியை மட்டும் கழற்றுங்கள், ஒருக்களித்துப் போய்க்கொள்கிறோம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். எல்லாவற்றையும் மொழிபெயர்த்து நீட்டினேன்.

முரளி சார் அந்தக் கம்பி விஷயத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு கம்பெனிக்கு அனுப்பச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். "நீ ஆறு மாசத்துல போயிருவே. நாந்தாம்மா இங்கயே இருந்து இவங்க மூஞ்சியில முழிக்கோணும்."

பதில்

அந்தப் படிவங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து, பதினாறு வருஷமாக அதே கேம்ப்பில் அதே கட்டிலில் படுத்தெழும் ஜெயசீலன் அண்ணனுக்கும் சேர்த்துத்தான், ஒரு கேட்டுக்குப் பதிலாகக் கம்பெனியிடமிருந்து மூன்று வரி வந்தது: "கருத்துத் தெரிவித்தவர்களுக்கு நன்றி. இப்பகுதியில் வசிப்பவர்களின் கருத்துகள் மட்டுமே பரிசீலிக்கப்படும். இவர்கள் வசிப்பவர்கள் அல்லர், தங்கவைக்கப்பட்டிருப்பவர்கள்."