உளுந்துச் செடியின் மேல் போட்ட பழி

எங்கள் ஊரிலிருந்து மன்னார்குடிக்குச் செல்லும் சாலையில், சம்பா அறுவடை முடிந்து சில வாரங்களானதும், உளுந்து கிடக்கும். நெல் நிற்கும்போதே வயலில் தெளித்துவைத்த உளுந்து, நெல் போன பிறகு அந்த ஈரத்திலேயே விளைந்து முடிந்திருக்கும். செடியோடு பிடுங்கிவந்து தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகளின் சக்கரம் ஏறி இறங்கியே உளுந்து உதிர்ந்துவிடும்.

மற்றவர்கள் ஒரு முறை ஏறிக் கடந்துபோவார்கள். என் அம்மா திரும்பி வருவார். சாலையோரத்தில் முறத்தோடு நிற்கும் பெண்களுக்கு அது தெரியும்.

"டீச்சர், இன்னொரு சுத்து வந்துட்டுப் போங்க. ஒங்க வண்டிக்குத்தான் நல்லா உதிருது."

"தீனி கேக்காத மாடுடி இது" என்பார் இன்னொருவர். அம்மா சிரித்துக்கொண்டே காரைத் திருப்புவார். நான் இடப்பக்க இருக்கையில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, சக்கரத்தின் கீழ் செடி நொறுங்குவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அம்மா மன்னார்குடிக்கு அப்பால் ஓர் அரசுப் பள்ளியில் கணித ஆசிரியை. நான் அப்போது மன்னார்குடியில் இளங்கலை இரண்டாமாண்டு. காலையும் மாலையும் அந்தக் காரில்தான் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டோம். வீட்டில் இருவருமே அதிகம் பேசுகிறவர்கள் அல்லர். இன்று தஞ்சாவூரில் முதுகலை மாணவியாக நகரப் பேருந்தில் நின்றுகொண்டு போகும்போது, இழந்ததாக நான் உணர்வது வீட்டையோ ஊரையோ அல்ல; அந்த இருக்கையை.

அந்த ஆண்டு காரின் முன்பக்கத்திலிருந்து மெல்லிய கீச்சொலி எழத் தொடங்கியது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. உளுந்துக் காலத்தில் எங்கள் பகுதியில் எல்லா வண்டியும் கத்தும். செடி அச்சில் சுற்றிக்கொள்ளும், பிடுங்கி எறிந்தால் சரியாகிவிடும். அம்மாவும் தினமும் மாலையில் ஒரு குச்சியோடு சக்கரத்தின் அருகே குனிந்து, சிக்கிய செடியை இழுத்துப் போட்டார். செடி வந்தது. சத்தம் போகவில்லை. மறுநாளும் செடியின் மேல்தான் பழி விழுந்தது.

சித்தப்பா அடுத்த வீடு. அப்பா சிங்கப்பூரில் இருந்ததால் எங்கள் நிலத்தையும் அவரே பார்த்துக்கொண்டார். ஒரு முறை கார் நடுவழியில் நின்றபோது டிராக்டரில் கட்டி இழுத்துவந்தவரும் அவர்தான். அன்றிலிருந்து அந்தக் காரை அவருக்குப் பிடிக்காது.

"அண்ணி, வண்டி கத்துறது எங்க கொல்லை வரைக்கும் கேக்குது."

"செடி சிக்கியிருக்கு தம்பி."

"ஒரு மாசமாவா ஒரே செடி சிக்கிக்கிட்டு இருக்கு? எதுக்கு இந்த அவஸ்தை? அண்ணங்கிட்ட பேசிட்டேன். ஞாயித்துக்கிழமை ஒருத்தர் வண்டியப் பாக்க வர்றாரு."

அம்மா கையிலிருந்த குச்சியைச் சுவரோரம் சாய்த்துவைத்தார். பிறகு, "அதுக்குள்ள சத்தம் நின்னுட்டா?" என்றார்.

"நின்னா வச்சிக்கங்க. நான் என்ன கத்திரிக்காயா விக்கிறேன், இன்னைக்கே வித்தாவணும்ங்கிறதுக்கு?"

கார் போனால் அம்மாவுக்கு என்ன மிஞ்சும் என்பது எனக்குத் தெரியும். இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டும். முதல் பேருந்து வராத நாளில் பிரார்த்தனை மணி அடித்த பிறகுதான் பள்ளிக்குள் நுழைய முடியும். பதினைந்து ஆண்டுகள் அப்படித்தான் போனார். நாற்பத்திரண்டு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். "பஸ்ஸுக்கு நின்ன நேரத்துலதான் எனக்கு வயசாச்சு" என்று ஒரு முறை, எதிரே சாலையைப் பார்த்தபடியே, என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அடுத்த நாள் நான் புத்தகத்தைத் திறக்கவில்லை. சத்தம் எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று நோட்டில் குறித்துக்கொண்டே போனேன். உளுந்து கிடக்கும் இடத்தில் வந்தது. கிடக்காத இடத்திலும் வந்தது. வேகம் கூடினால் கீச்சும் கூடியது. அம்மா பிரேக்கை மிதித்த ஒவ்வொரு முறையும் நின்றது. கல்லூரி வாசலில் இறங்குவதற்கு முன் சொன்னேன்:

"அம்மா, செடிக்கு எப்படித் தெரியும் நீங்க பிரேக்க மிதிக்கிறது?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். பின்னால் ஆட்டோக்காரர் ஹார்ன் அடிக்கும்வரை காரை எடுக்கவில்லை.

சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பிரேக் பேடு தேய்ந்து முடியப்போகும்போது, அதிலிருக்கும் ஒரு சிறிய தகடு டிஸ்க்கில் உரசி இப்படிக் கத்தும், பிரேக்கை மிதித்ததும் அடங்கும் என்று அன்று மதியம் நூலகத்தில் உட்கார்ந்து கைபேசியில் படித்துத் தெரிந்துகொண்டேன். எங்கள் காரை வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக்கிடம் விடலாம் என்றேன். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. அந்த மெக்கானிக் எதைக் கழற்றினாலும் முதலில் சித்தப்பாவுக்குத்தான் போன் செய்வார். அம்மாவிடம், "அவருகிட்ட சொல்லிட்டேன் டீச்சர்" என்பதோடு சரி.

வெள்ளிக்கிழமை மாலை உதிரிபாகக் கடைக்குப் போனோம். கடைக்காரர் பெட்டியை எடுத்துவைத்துவிட்டு, "மாட்டப்போறது யாரு டீச்சர்?" என்றார்.

"நாங்க ரெண்டு பேருந்தான்."

அவர் என்னைப் பார்த்தார். "பாப்பா படிக்கிறது மெக்கானிக்கலா?"

"தமிழ் இலக்கியம்."

"சரிதான்" என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு. ஆனால் ஒரு சிறிய கிரீஸ் பாக்கெட்டையும் கூடவே வைத்தார். "பேடைப் புடிச்சிருக்குற காலிப்பர் நகர்றதுக்குக் கம்பி மாதிரி பின்னு இருக்கும், அதுல தடவுங்க. பேடு முகத்துல மட்டும் பட்டுடக் கூடாது. பட்டுச்சுன்னா பிரேக் புடிக்காது."

மூன்று காணொளிகளையும் காரோடு வந்த கையேட்டையும் ஒப்பிட்டு, நான் பதினேழு படிகளாக எழுதினேன். அம்மா அதைச் சிவப்புப் பேனாவோடு வாங்கிப் படித்தார். நான்காம் படியையும் ஐந்தாம் படியையும் இடம் மாற்றினார். சக்கரத்தின் நட்டுகளைத் தளர்த்திய பிறகுதான் ஜாக்கியில் தூக்க வேண்டும். தூக்கிய பிறகு தளர்த்தினால் கார் ஆடும். அவர் சொன்னது சரி.

சனிக்கிழமை காலை, நெல் காயப்போடும் சிமெண்டுக் களத்தில் காரை நிறுத்தினோம். பின்சக்கரங்களுக்குச் செங்கல் அண்டைகொடுத்தோம். ஜாக்கி நழுவினாலும் கார் தரையில் விழாதபடி, உபரிச் சக்கரத்தைக் காரின் அடியில் படுக்கவைத்தோம். ஒரு பக்கத்தை முழுதாக முடிக்கும்வரை மறுபக்கத்தைத் தொடுவதில்லை என்பது என் விதி. எது எங்கே இருந்தது என்ற ஐயம் வந்தால் ஒப்புநோக்க ஒரு மூலம் வேண்டும் அல்லவா?

சக்கரத்தைக் கழற்றியதும் டிஸ்க்கும், அதைக் கவ்விக்கொண்டிருந்த காலிப்பரும் தெரிந்தன. காலிப்பரின் கீழ் போல்ட் எளிதில் அசையவில்லை. அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஸ்பேனரின் முனையில் தன் முழு எடையையும் வைத்தார். "டக்" என்ற அந்த ஒலி இன்னும் என் காதில் இருக்கிறது. காலிப்பரை மூடிபோல் மேலே தூக்கி, பிரேக் ஆயில் குழாய் இழுபடாமல் கயிற்றால் கட்டினேன்.

வெளிப்புற பேடு பிஸ்கட் தடிமனுக்கு இருந்தது. உட்புற பேடைக் கழற்றி அம்மாவின் உள்ளங்கையில் வைத்தேன். நகத்தின் தடிமன்கூட இல்லை. அதற்குப் பின்னால் இரும்புதான்.

"இத வச்சிக்கிட்டா நான் ஒன்ன தெனம் கூட்டிக்கிட்டுப் போனேன்?" என்றார் அம்மா.

டிஸ்க்கில் விரலை ஓட்டிப் பார்த்தேன். ஆழமான கோடு விழுந்திருக்கவில்லை. காலிப்பர் நகர்ந்து கொடுக்கும் பின்களில் மண்ணும் உமியும் செடித்தூளும் இறுகிக் கிடந்தன. அதனால்தான் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது. செடியின் மேல் போட்ட பழி முழுக்கப் பொய்யும் அல்ல.

தச்சரிடம் கேட்டு வாங்கிவந்த கிளாம்பை வைத்து அம்மா, பேடை அழுத்தும் காலிப்பர் பிஸ்டனை மெல்ல உள்ளே தள்ள, நான் பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏறுதா?"

"ஏறுதும்மா. கோட்டுக்குக் கீழதான் இருக்கு. மெதுவா."

பின்களைத் துடைத்து கிரீஸ் தடவியதும் புதிய பேடுகள் உட்கார்ந்தன. ஒவ்வொரு படி முடிந்ததும் அம்மா என் நோட்டில் விடைத்தாளைத் திருத்துவதுபோல் ஒரு டிக் போட்டார். மறுபக்கம் பாதி நேரத்தில் முடிந்தது. நட்டுகளை இறுக்கி, செங்கற்களை எடுத்துவிட்டு நான் நிமிர்வதற்குள், அம்மா ஆர்வம் தாங்காமல் உள்ளே உட்கார்ந்துவிட்டார். பிரேக்கை மிதித்தார். பெடல் எந்தத் தடையுமின்றி அடிவரை போயிற்று.

"போச்சு" என்றார்.

நான் நோட்டைப் பார்த்து உரக்கப் படித்தேன்: "பதினேழு. பிஸ்டன் உள்ளே போயிருப்பதால் முதல் மிதி இறங்கும். கெட்டியாகும்வரை நிதானமாக மிதிக்கவும்."

இரண்டாவது மிதியும் இறங்கியது. மூன்றாவதில் ஏதோ தடுத்தது. ஐந்தாவதில் அம்மாவின் கால் நடுவிலேயே நின்றது. அவர் ஸ்டியரிங்கின் மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். நான் ஆயில் அளவை மறுபடி சரிபார்ப்பதுபோல் பானெட்டுக்குப் பின்னால் நின்றேன். பானெட்டை மூடியதும், களத்துக்குள்ளேயே காரை நகர்த்தி, நிறுத்தி, மறுபடி நகர்த்தி, பேடுகளைப் பழக்கினோம்.

ஞாயிறு காலை சித்தப்பா வந்தார். "ஒரு நடை போய்ப் பாத்துருவோம்" என்று என் இருக்கையில் ஏறிக்கொண்டார். நான் பின்னால் உட்கார்ந்தேன். அவர் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டிக் கேட்டுக்கொண்டே வந்தார். வாய்க்கால் மதகு அருகே, அறுத்த வயலிலிருந்து ஒரு வாத்துக் கூட்டம் சாலையில் ஏறியது. அம்மா பிரேக்கை மிதித்தார். கார் நின்றது. நூற்றுக்கணக்கான வாத்துகள் கத்திக்கொண்டே முன்னால் நடந்தன.

"இதுங்க போடுற சத்தத்துல என்னத்தக் கேக்குறது?" என்றார் சித்தப்பா.

"போகட்டும் தம்பி. மறுபடி புடிச்சிக் காட்டுறேன்."

வாத்துகள் இறங்கியதும், வெறிச்சோடிய சாலையில் மூன்று முறை வேகமெடுத்து மூன்று முறை நிறுத்தினார். எதுவும் கேட்கவில்லை. சித்தப்பா தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, வண்டியைப் பார்க்க வரவிருந்தவரை அழைத்தார்.

"அண்ணே, இன்னைக்கு வர வேணாம். வண்டி குடுக்குறதுக்கு இல்ல… ஆமா, சத்தம் நின்னுடுச்சு… மெக்கானிக்கா?" அம்மாவை ஒரு முறை பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். "இல்லண்ணே. வீட்டுலயே பாத்துட்டாங்க."

அம்மா எதிரே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாளை காலை எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று என்னிடம் கேட்டார்.