என் காருக்கு தேவராஜ் போட்ட இன்ஜின்

நாலு வாரம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் மனைவி அடுத்த வீட்டுக்காரர் காரில் ஏறி, ஜம்மென்று முன் சீட்டில் உட்கார்ந்து, கொரட்டூர் ஏரிக்கரை வரை ஒரு ரவுண்டு போய்விட்டு வந்தாள். பின் சீட்டில் அவர் சம்சாரமும் தங்கையும்.

போகட்டும். ஏரியைப் பார்ப்பதில் எனக்கு என்ன ஆட்சேபணை? ஆனால் அந்தக் கார்... என் கார்!

அதாவது, என்னுடையதாக இருந்த கார். பழைய பச்சை அம்பாசடர். இன்ஜின் ஜாம் ஆகி, வாசலில் ஒன்றரை வருஷம் காக்கை எச்சத்தோடு நின்றது. எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் பானட்டைத் திறந்தார், உச்சுக்கொட்டினார், மூடினார். "இனிமே இது பேரீச்சம்பழத்துக்குத்தான் சார்" என்றார். அப்போதுதான் அடுத்த வீட்டு தேவராஜ் "எனக்குக் குடுத்துடுங்க சார்" என்று வந்து நின்றார். பழைய இரும்பு விலைக்குக் கொடுத்தேன். என் கேட்டிலிருந்து அவர் கேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனோம்.

அன்றைக்கு மனைவியிடம், "தலைவலி விட்டது. பாவம் அந்த ஆள், நல்லா ஏமாந்தார்" என்று சொன்னேன். பாவமாம்!

தேவராஜ் ஆவடியில் ராணுவத் தளவாட ஃபேக்டரியில் ஃபிட்டர். பிறந்து வளர்ந்தது நூம்பல். வாரத்தில் ஆறு நாள் இரும்போடு மல்லுக்கட்டுகிற மனுஷன், ஏழாவது நாள் வீட்டில் காலை நீட்டிப் படுப்பார் என்றுதானே நினைப்போம்? அவர் எங்கேயோ அலைந்து, நொறுங்கிப்போன வேன் ஒன்றிலிருந்து கழற்றிய டீசல் இன்ஜினைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கினார்.

"பெட்ரோல் வண்டியில டீசல் இன்ஜினா? உட்காருமா?" என்றேன்.

"உக்கார வெப்போம் சார். அது இன்னா சொல்றது, நாமதான் வெக்கணும்" என்றார்.

இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சந்து. அவர் சுவரிலிருந்து என் சுவருக்குக் குறுக்கே ஒரு இரும்பு கர்டரைப் போட்டு, அதில் செயின் பிளாக் மாட்டித்தான் இன்ஜினைத் தூக்க வேண்டும். என்னிடம் அனுமதி கேட்டார். தாராளமாகக் கொடுத்தேன். நல்ல மனசு என்று நினைத்துவிடாதீர்கள். அவர் தோற்பதைக் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும் எனக்கு!

ஞாயிறுதோறும் காபி டம்ளரோடு சுவருக்கு இந்தப் பக்கம் ஆஜர் ஆகிவிடுவேன். முதல் வாரம் என் பழைய இன்ஜின் வெளியே வந்தது. இரண்டாவது வாரம் டீசல் இன்ஜின் உள்ளே இறங்கவில்லை. தாங்கிப் பிடிக்கிற பிராக்கெட் இருக்கிற இடம் வேறு, இன்ஜினில் ஓட்டை இருக்கிற இடம் வேறு. எனக்கு அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு ருசித்தது. தேவராஜ் அட்டையை வெட்டி அளவெடுத்து, அந்த அளவுக்குப் புது பிராக்கெட் செய்து வெல்டிங் வைத்தார். அடுத்த வாரம் கியர் பாக்ஸோடு சேரவில்லை. நடுவில் ஒரு இரும்புத் தட்டை வைத்து, துளைகளை ராவி ராவி சேர்த்துவிட்டார். அதற்கடுத்த வாரம், எல்லாம் முடிந்து பார்த்தால்... பானட் மூடவில்லை! நாலு விரல்கடை தூக்கிக்கொண்டு நின்றது.

அம்பாளே, அது மூடவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன். நிஜமாக. ஐம்பது வயதில், பூணூல் ஆவணி அவிட்டத்துக்கு ஒரு முறை மாற்றுகிற ஆசாமி, அடுத்தவன் பானட் மூடக்கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன்!

ஒரே வாரம். இன்ஜினை இன்னும் கொஞ்சம் தாழ்த்தி உட்கார வைத்தார். பானட் மூடியது.

ஊரில் எத்தனையோ பேர் வழவழ என்று காரில் போகிறார்கள். அவர்களைப் பார்த்து எனக்கு ஒன்றும் ஆவதில்லை. அது அவர்கள் அதிர்ஷ்டம். ஆனால் நான் உதவாது என்று தூக்கிக் கொடுத்ததை ஒருத்தர் ஓட வைத்துவிட்டால்? அங்கேதான் வயிறு எரிகிறது. உங்களுக்கு அப்படி இல்லையா? சும்மா சொல்லுங்கள், நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

நாலு வாரம் முன்பு என்று சொன்னேனே, அந்த ஞாயிறு, கற்பூரம் காட்டி, நாலு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார்கள். சாவி திருப்பினார். டட டட டட என்று தெருவே அதிர, ஒரே திருப்பில் கிளம்பியது. அதில்தான் என் மனைவி ரவுண்டு போனாள்.

திரும்பி வந்தவள் சும்மா இருந்தாளா?

"எப்படி இழுக்குது தெரியுமா? உங்ககிட்ட இருந்தப்ப நான் பாதி தூரம் தள்ளிக்கிட்டுத்தானே வந்தேன்!"

"டீசல் வண்டி. ஒரே சத்தம். லாரி மாதிரி" என்றேன்.

"ஓடுற வண்டிக்குத்தான் சத்தம் வரும்" என்று சொல்லிவிட்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் தேவராஜ் ஒரு ஃபாரத்தோடு வந்தார். அங்கேதான் விஷயம். வண்டியை விற்றபோது பேர் மாற்றவில்லை. ஓடாத வண்டிக்கு எதற்கு என்று இரண்டு பேருமே விட்டுவிட்டோம். இப்போது இன்ஜின் மாற்றியதை ஆர்.சி. புக்கில் ஏற்ற வேண்டும். புக்கில் இருப்பது என் பேர். என் கையெழுத்து இல்லாமல் சட்டப்படி வண்டி ரோட்டில் போக முடியாது.

"தங்கச்சி கல்யாணம் வருது சார். மாப்ள அழைப்புக்கு வாடகை வண்டி வேணாம், நம்ம ஊட்டு வண்டியே வரும்னு அவங்க ஊட்ல சொல்லிகினு வந்துட்டேன். ஒரு கையெழுத்து சார்."

"வெச்சுட்டுப் போங்க. படிச்சுப் பார்த்துட்டுப் போடறேன்" என்றேன்.

படிக்க அதில் என்ன இருக்கிறது? என் பேர்தான் இருக்கிறது!

திங்கள் வந்தார். அஷ்டமி என்றேன். புதன் வந்தார். ஆபீஸில் ஆடிட் என்றேன். சனிக்கிழமை அவர் வருவதைப் பார்த்துவிட்டு பாத்ரூமில் போய் உட்கார்ந்துகொண்டேன். இப்படியே மூன்று வாரம். அந்த மனுஷன் ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை. அது வேறு எனக்கு எரிச்சல்.

கடைசியில் மனைவிதான் கேட்டாள். "கல்யாணத்துக்கு நாள் கிட்ட வந்துடுச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னாடி தேவராஜ் தலை குனியணுமா? ஒரு கையெழுத்துப் போட உங்களுக்கு என்ன கேடு?"

அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது! அன்றே கையெழுத்துப் போட்டேன். உரிமையாளர் என்ற முறையில், லீவு போட்டுவிட்டுக் கூடவே ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் போனேன். அது போன வியாழக்கிழமை.

பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். பானட்டைத் தூக்கச் சொன்னார். இன்ஜின் நம்பரைப் பார்த்தார். குனிந்து பிராக்கெட்டைத் தட்டிப் பார்த்தார். வெல்டிங்கில் விரலை ஓட்டினார். பிறகு ஆர்.சி. புக்கைப் பார்த்து, என்னைப் பார்த்தார்.

"வீட்லயே பண்ணீங்களா? பிரமாதம் சார். பெரிய ஒர்க் ஷாப்ல கூட இவ்வளவு சுத்தமா பண்ண மாட்டாங்க."

நான் "இல்லை" என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனா? புன்னகை செய்தேன். அடக்கமாக, லேசாகத் தலையை வேறு சாய்த்து!

பக்கத்தில் தேவராஜ், கையில் எண்ணெய்த் துணியோடு. என் முகத்தைப் பார்த்தார். போச்சு, மானம் போகப் போகிறது என்று நினைத்தேன்.

"சார் இல்லேன்னா இந்த வண்டியே இல்ல சார்" என்றார் தேவராஜ் இன்ஸ்பெக்டரிடம். "ஒரு ஞாயித்துக்கெளம உடல. நான் வேல செய்ய சொல்ல கூடவே நின்னுகினு இருப்பாரு. யாரு சார் நிப்பாங்க அப்டி? நெறய தபா உட்டுட்லாம்னு தோணும். செவுத்தாண்ட சாரு நிக்கறாரேன்னுட்டு மறுபடி ஸ்பேனர எடுப்பேன்."

கிண்டல் இல்லை. மனசாரச் சொன்னார். எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

"நான் ஒரு நட்டுகூட முடுக்கலைங்க. எல்லாம் இவர் வேலை" என்றேன் இன்ஸ்பெக்டரிடம். பேர் மாற்றுகிற ஃபாரத்தையும் அங்கேயே வாங்கி, கேட்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மனசு லேசாகிவிட்டது. இனி இந்த ஜென்மத்தில் பொறாமை கிட்டே வராது என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் தேவராஜ் சாவியை நீட்டினார். "ஊடு வரைக்கும் நீங்க ஓட்டுங்க சார்."

ஓட்டினேன். அடடா... வெண்ணெய் மாதிரி போகிறது, பாவி மனுஷன் வண்டி!

பாடி பஸ் ஸ்டாப் தாண்டுவதற்குள் வயிறு மறுபடி எரிய ஆரம்பித்துவிட்டது.