ஊதா என்று நான் நம்பிய சிவப்பு: கடல் விசிறியோடு திருப்பூருக்கு ஒரு நாள்

இந்த வலைப்பூவில் வழக்கமாக மலையும் அருவியும்தான் வரும். இந்தமுறை நான் போனது திருப்பூர் நல்லூரில், ஒரு தையல் கம்பெனிக்கு மேல்மாடியில் இருக்கும் வீட்டுக்கு. கூட வந்த ஒரே பயணி தெர்மாகோல் பெட்டிக்குள் இருந்தது. அது உயிரோடு திரும்புமா என்று தெரியாமல்தான் கிளம்பினேன்.

திண்டுக்கல்லில் என் வீட்டுக் கூடத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி உண்டு. இரண்டு மாதம் முன்பு கடையில் ஒரு கடல் விசிறி வாங்கி அதில் வைத்தேன். தொட்டி வைத்திருப்பவர்கள் கார்கோனியன் என்று சொல்லும் பவள வகை. பார்க்க இலையில்லாத சின்னச் செடி போல இருக்கும். கிளை முழுக்கப் பொட்டுப் பொட்டாக இருப்பவை பாலிப்புகள், அதாவது அதன் வாய்கள். விரிந்தால் பூ, மூடினால் வெறும் குச்சி. என்னுடையது மூன்று வாரமாகக் குச்சிதான். 'இதுவும் போச்சுன்னா தொட்டியை வித்துடலாம்' என்றார் என் கணவர். வீம்புக்கு நானும் சரி என்று சொல்லித் தொலைத்தேன். மனிதர் மறுநாளே தொட்டியை டேப் வைத்து அளந்து, விளம்பரத்துக்குப் படமும் எடுத்துவிட்டார்.

தொட்டி வளர்ப்போர் வாட்ஸப் குழுவில் படம் போட்டுக் கேட்டேன். ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். சுமதி என்ற ஒருவர் மட்டும் மருந்து சொல்லாமல், "எந்த லைட்ல வச்சுப் பாத்தீங்க?" என்று கேட்டார். தொட்டியின் நீல விளக்கில்தான் என்றேன். "ஞாயித்துக்கெழமை லீவுதானுங்க. எடுத்துட்டு வந்துருங்க" என்று பதில் வந்தது. அவருக்குச் சாயப்பட்டறை லேபில் வேலை. துணியின் நிறம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்பவர்.

காலை 6.10க்கு திண்டுக்கல்லில் பேருந்து. ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழி, சுமார் 115 கிலோமீட்டர், டிக்கெட் 90 ரூபாய். மூடி போட்ட டப்பாவில் தொட்டித் தண்ணீரும் கடல் விசிறியும், அதைச் சுற்றித் தெர்மாகோல் பெட்டி. கண்டக்டர் வந்து பெட்டியைத் தட்டினார்.

"என்னம்மா, ஐஸ்கிரீமா?"

"பவளம்ணே."

"நகைக்கடைக்கா?"

"இல்லண்ணே, இது உசுருள்ளது. உடம்பு சரியில்ல, காட்டத்தான் கொண்டுபோறேன்."

என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தவர், "மடியில வச்சுக்கங்க, கீழ வச்சா சூடேறும்" என்று சொல்லிவிட்டு லக்கேஜ் போடாமல் போனார். நல்ல மனிதர். தாராபுரத்தில் பத்து நிமிடம் நின்றது, டீ 15 ரூபாய். மடியில் பெட்டி இருந்ததால் ஜன்னல் வழியாகவே வாங்கிக் குடித்தேன்.

9.05க்கு திருப்பூர் கோவில்வழி பேருந்து நிலையம். அங்கிருந்து நல்லூருக்கு ஆட்டோ 160 ரூபாய். டிரைவர் கதையைக் கேட்டுவிட்டு, "ஏனுங்க, கடல்ல இருக்கறதை இங்க எதுக்குங்க கொண்டாறீங்க? எங்கூர்ல குடிக்கற தண்ணியே மொறை வச்சுத்தானுங்க வருது" என்றார். கேட்டது நியாயம்தான். ஆனால் ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியை நிறுத்தி நிறுத்தி ஏற்றி இறக்கினார்.

ஞாயிற்றுக்கிழமையிலும் கீழே தையல் கம்பெனி ஓடிக்கொண்டிருந்தது. அவசர ஆர்டராம். படியிலேயே நின்ற சுமதிக்கு என் வயதுதான் இருக்கும், நாற்பது நாற்பத்தைந்து. "வாங்க, வாங்க, மொதல்ல டீ குடிங்க" என்றவர், என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்ததும், "இல்லீங்க, மொதல்ல அதைக் குடுங்க" என்று வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவர் வீட்டு அறையில் நாலடித் தொட்டி ஒன்று, பக்கத்திலேயே முன்புறம் திறந்த ஒரு பெரிய பெட்டி. உள்ளே சாம்பல் நிறம் பூசி, மேலே நாலைந்து வகை விளக்கு பொருத்தியிருந்தது. ஏற்றுமதித் துணி ஒவ்வொன்றையும் இதில் வைத்து, பகல் வெளிச்சத்தில் எப்படி இருக்கிறது, கடை வெளிச்சத்தில் எப்படி இருக்கிறது என்று மாற்றி மாற்றிப் பார்த்துத்தான் பாஸ் செய்வார்களாம். மூடிப்போன ஒரு கம்பெனியில் பழையதாக வந்ததைச் சுமதி வாங்கிப் போட்டிருக்கிறார்.

கண்ணாடிக் கிண்ணத்தில் என் கடல் விசிறியை விட்டு, முதலில் தொட்டி விளக்கையே காட்டினார். நான் இரண்டு மாதமாகப் பார்த்த அதே ஊதாக் கிளை, பழுப்புப் பாலிப். பிறகு கிண்ணத்தைப் பெட்டிக்குள் வைத்து, பகல் விளக்கைப் போட்டார்.

கிளை செக்கச் செவேல் என்று இருந்தது. மூடிக் கிடந்த பாலிப்புகளின் நுனி நல்ல மஞ்சள்.

கடையிலும் நீல விளக்கு, வீட்டிலும் நீல விளக்கு, விடியுமுன் டப்பாவில் போட்டதும் அதே வெளிச்சத்தில்தான்; சாதாரண வெளிச்சத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை. ஊதாக் கிளை, பழுப்புப் பாலிப் என்றால் உடம்புக்குள் பாசி இருக்கும் வகை. வெளிச்சம் இருந்தால் அந்தப் பாசியே பாதி வயிற்றை நிரப்பிவிடும். சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு என்று பளீரென்ற கிளையில் வெள்ளையோ மஞ்சளோ பாலிப் இருந்தால், பெரும்பாலும் பாசி இல்லாத வகை. நாம் ஊட்டினால்தான் சாப்பாடு. நீல வெளிச்சத்தில் சிவப்பு ஊதாவாகவும் மஞ்சள் பழுப்பாகவும் தெரிந்து, நான் தலைகீழாக முடிவு கட்டியிருக்கிறேன்.

"வயிறு காஞ்சு கெடக்குதுங்க. ரெண்டு மாசமா லைட்டை மட்டும் காட்டியிருக்கீங்க" என்றார் சுமதி.

வீட்டுக்கு வந்தவர்களை எல்லாம் கூப்பிட்டு, பாருங்கள் எவ்வளவு அழகு என்று காட்டினேனே, அப்போதெல்லாம் அது பட்டினி கிடந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது.

"பொழைக்குமாங்க?"

"பாக்கலாமுங்க" என்று மட்டும் சொன்னார். துணியில் கண்ணி எண்ணும் லென்ஸை எடுத்து, கிளை கிளையாகப் பார்த்தார். தோல் உரிந்து கறுப்பு நரம்பு தெரிந்த நுனிகளை, பிரிக்காத புது நூல் கத்தரியால் நறுக்கினார். வெளியே படிந்திருந்த அழுக்குப் பாசியைச் சின்ன பிரஷால் தள்ளினார். உறைந்த சைக்ளோப்ஸ், அதாவது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத நீர்ப்பூச்சி, கொஞ்சம் கரைத்து, சாயம் போடாத மெஷ் துணியில் வடிகட்டினார். "சாயம் ஏறுனது தொட்டிக்கு ஆகாதுங்க. இதையும் வெந்நீர்ல நாலு தண்ணி அலசித்தான் வச்சிருக்கேன்" என்றார்.

10.20க்கு வடிகட்டிய சாறு மட்டும் பத்துச் சொட்டு. வாசனை பிடித்தால்தான் வாய் திறக்குமாம், அதற்கு முன்பே தீனியைக் கொட்டுவது தண்ணீரைக் கெடுக்கும் வேலை. ஏர்பம்ப்பை மெதுவாக ஓடவிட்டுக் காத்திருந்தோம். 10.30, ஒன்றுமில்லை. 10.35, ஒன்றுமில்லை. டீ ஆறி ஏடு கட்டிவிட்டது. வீட்டில் டேப்போடு நிற்கும் கணவர் முகம் கண்முன் வந்துபோனது.

10.41க்கு அடிக்கிளையில் ஒரு பாலிப் மெல்லப் பிதுங்கியது. லென்ஸில் பார்த்தால் எட்டுக் கைகள், ஒவ்வொன்றிலும் இறகு போலக் கிளைப்பு. எட்டும் விரிந்தன. சுமதி ஊசியில்லாத சிரிஞ்சால் பக்கத்தில் ஒரே ஒரு துளி தீனியை விட்டார். கைகளில் ஒன்று எதையோ பிடித்து நடுவில் மடங்கியது. சாப்பிட்டது! நான் சுமதியின் முழங்கையைப் பிடித்து உலுக்கியதில் சிரிஞ்சே கீழே விழுந்துவிட்டது. பதினொரு மணிக்குப் பதினேழு பாலிப்புகள் எண்ணினோம்.

அப்போதுதான் மேசைமேல் பேனா ஸ்டாண்டில் ஒரு கறுப்புக் குச்சியைக் கவனித்தேன். சுள்ளி போல இருந்தது. என்ன என்று கேட்டேன்.

"என்ற மொதக் கடல் விசிறிங்க. உங்களுது மாதிரியேதான். இருவது வருசமா ஒத்த லைட்ல பாத்து ஒரு துணியைக்கூட பாஸ் பண்ணுனதில்லீங்க. இந்தப் பெட்டி அப்பவும் இதே எடத்துலதான் இருந்துச்சு. வேலை முடிஞ்சு ஊட்டுக்கு வந்துட்டாப் போதும்னு தொட்டி லைட்லயே பாத்து, ஊதான்னு முடிவு பண்ணிப்போட்டேன். நாலு மாசத்துல போயிருச்சு" என்றார். குழுவில் நான் போட்ட படத்தைப் பார்த்த அன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லையாம்.

மதியச் சாப்பாடு அவர் வீட்டிலேயே. 2.30க்குக் கிளம்பி, வந்த வழியே ஆறு மணிக்குள் வீடு. திரும்ப ஆட்டோ 150, பேருந்து 90, எல்லாம் சேர்த்து அன்றைய செலவு 505 ரூபாய். சுமதி தீனிக்குக்கூடக் காசு வாங்கவில்லை.

இப்படிக் கிளம்ப நினைப்பவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முன்தினம் தீனி போடாதீர்கள், டப்பாத் தண்ணீர் கெடும். கோடையில் மதியப் பேருந்தைத் தவிருங்கள். வாங்கும்போதே கடைக்காரரை வெள்ளை விளக்கு போடச் சொல்லி, கிளை நிறத்தையும் பாலிப் நிறத்தையும் தனித்தனியே பாருங்கள். ரசீது இல்லாததைத் தொடவே வேண்டாம். நம் கடலில் இருந்து எடுப்பது சட்டப்படி குற்றம். ஊட்டும்போது பெரிய பம்ப்பை நிறுத்தி, முதலில் சாறு, இருபது நிமிடம் கழித்துத் தீனி, தினமும் கொஞ்சமாக. தீனி கூடினால் தண்ணீர் அழுக்காகும், அதனால் தண்ணீர் மாற்றுவதையும் கூட்டவேண்டும். நான் வாரம் இருமுறை மாற்றுகிறேன்.

விற்கும் பேச்சு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். மூன்று நாள் நான் ஊட்டுவதைக் கணவர் தூர நின்றே பார்த்தார். ஐந்தாம் நாள் நான் வேலை பார்க்கும் பள்ளியிலிருந்து திரும்பியபோது, தொட்டி முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் வெள்ளை டார்ச், மறுகையில் சிரிஞ்ச். அடிக்கிளை முழுவதும் மஞ்சளாக விரிந்திருந்தது. பார்க்கிற ஆசையில் பின்னால் போய்க் குனிந்தேன்.

"கொஞ்சம் தள்ளி நில்லு, அதுக்கு வெளிச்சம் மறைக்குது" என்றார்.

அதற்கு வெளிச்சம் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. தள்ளி நின்றுகொண்டேன்.