சொன்ன பேச்சைக் கேட்ட விரல்

1956, ஐப்பசி. தேயிலைப் பெட்டிகளோடு மலையடிவாரத் தாப்பா நகருக்கு இறங்கிய எஸ்டேட் லோரி மழையில் சறுக்கிக் கவிழ்ந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த என் முதுகில் ஒரு பெட்டி விழுந்தது. எழ நினைத்தேன். இடுப்புக்குக் கீழே நான் இல்லை.

முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டு நசுங்கியிருக்கிறது, மீளுமா என்று சொல்ல முடியாது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். கார்த்திகையில் கேமரன் மலை எஸ்டேட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்கு மனைவி மக்கள் இல்லை. வேலை செய்யாதவனுக்குத் தொழிலாளர் லயத்தில் வீடு கிடையாது. தைப்பூசம் வரை பார்க்கலாம் என்றார் எஸ்டேட் மேனேஜர் துரை. அதற்குப் பிறகு எங்கே போவேன்?

அவசரகாலம் அது. லயத்தைச் சுற்றி முள்வேலி. காட்டுக்குள் ஒளிந்து அரசாங்கத்தோடு சண்டையிடும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று வீட்டில் அரிசி வைக்க விடமாட்டார்கள். பொதுச் சமையல்கூடத்தில் வெந்த சோறுதான் எல்லோருக்கும். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டு முடிந்து ஆட்கள் மலை ஏறியதும் வேலிக்கதவைப் பூட்டுவார்கள். பிறகு பனியும் நானும்தான். பழைய பேப்பர்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சுவரில் முருகன் படம். அவனிடம் அழுதேன்.

என்னைப் பார்த்துக்கொண்டது அடுத்த வீட்டு வள்ளியம்மை அக்காவும் அவர் கணவரும். ஒரு நாள் அக்கா கோயில் விபூதியை என் உள்ளங்காலில் தேய்த்தார். கால் வெடுக்கென்று உதறி மடங்கியது.

"கால் வந்துருச்சு லா," என்று அவர் கத்த, லயமே கூடிவிட்டது. பொங்கலிட அரிசி ஏது? ஆளுக்கொரு பிடி வெந்த சோறு கொண்டுவந்து, சீனி போட்டுப் பிசைந்து படைத்தார்கள். நானும் அழுதுகொண்டே சாப்பிட்டேன்.

மறுநாள் எஸ்டேட் மருந்தகத்து டிரஸ்ஸர் வந்து உள்ளங்காலைக் கீறினார். கால் உதறியது.

"உதறுது. நீயா உதற வெச்சே?"

"இல்லீங்க ஐயா."

"அப்போ கட்டை விரலை மடக்கு."

மடங்கவில்லை.

அவர் பொறுமையாக விளக்கினார். நட என்ற கட்டளை மூளையில் பிறக்கிறது. முதுகுத்தண்டு வழியாக இறங்கி, கிளை நரம்புகளில் பிரிந்து தசையைச் சேர வேண்டும். உதறலுக்கு மூளையே வேண்டாம். பாதத்தில் பட்ட செய்தி தண்டு வரை போய், அங்கிருந்தே திரும்பிவிடும். மேலிருந்து வரும் வழி திறந்ததா என்பதை உதறல் சொல்லாது.

இதை நான் லயத்தில் சொன்னது பலருக்குப் பிடிக்கவில்லை. "சாமி கொடுத்ததை டிரஸ்ஸர் பேச்சைக் கேட்டு இல்லேங்கிறான்" என்றார்கள். வருவது நின்றது. அக்கா மட்டும் சோற்றுத் தூக்கோடு வருவார். அவரும் முன்போல் பேசவில்லை. அந்த மார்கழியைப் போல ஒரு தனிமையை நான் அறிந்ததில்லை.

அப்போதுதான் என் வேண்டுதல் மாறியது. முருகா, தானாக உதறும் கால் வேண்டாம். நான் சொன்னால் கேட்கும் ஒரே ஒரு விரலைக் கொடு. முற்பகலில் போர்வையை விலக்கி வலது கட்டை விரலையே பார்த்திருப்பேன். மடங்கு என்பேன். யாருடைய விரலோ போல் கிடக்கும்.

மார்கழிக் கடைசியில் ஒரு நாள் மடங்கியது. இதுவும் உதறலோ என்று பயந்தேன். நிறுத்து என்று நினைத்தேன். நின்றது. மறுபடி மடக்கினேன். மடங்கியது. "அக்கா" என்று கூப்பிட்டேன். லயத்தில் ஒருவரும் இல்லை. படத்தைப் பார்த்து, "நீ பார்த்தே இல்ல?" என்று கேட்டேன்.

மாலையில் அக்கா வந்தார். காலைத் தொடாமல் தள்ளியே நின்றார்.

"நான் சொல்றப்ப மடக்கு. ம்... இப்ப வேணாம். நிறுத்து. இப்ப."

விரல் அப்படியே கேட்டது.

"கங்காணி பேச்சைக்கூட நீ இப்படிக் கேட்டதில்லையேடா," என்றவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

டிரஸ்ஸர் துரையிடம் பேசித் தவணை வாங்கித் தந்தார். சித்திரையில் சுவரைப் பிடித்து நின்றேன். பிறகு ஆலையில் உட்கார்ந்து தேயிலைத் தண்டு பொறுக்கும் வேலை கிடைத்தது. அடுத்த தைப்பூசத்துக்குக் கைத்தடியோடு நடந்து முருகன் கோயிலுக்குப் பால் கொண்டுபோய்க் கொடுத்தேன். இடது கால் இன்றும் இழுக்கும்.

நசுங்கிய நரம்பு சிலருக்குத் தானாக ஆறும் என்று புத்தகங்களில் படித்திருக்கிறேன். ஏன் எனக்கு என்று அவற்றில் இல்லை. அது எனக்குத் தெரியும்.

அடியார்களே, ஊர் கூடிக் கொண்டாடும் அதிசயம் வராவிட்டாலும் கேட்பதை நிறுத்தாதீர்கள். சின்னதாகவே கேளுங்கள். பூட்டிய வேலிக்குள்ளும் அவன் உங்களோடு இருக்கிறான். வேலை ஓய்வுக்குப் பிறகு, படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைத் தேடிப் போகிறேன். வீட்டார் எல்லோரும் வேலைக்குப் போன முற்பகலில்தான் போவேன். போர்வையை விலக்கி, அவர்களோடு உட்கார்ந்து அவர்கள் கால் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.