வரலாம் மேடம்

எங்கள் மருத்துவமனையின் மரபணு ஆலோசகருக்கு ‘வரலாம் மேடம்’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. வைத்தது நான்தான் என்று ஒரு பேச்சு. நான் மறுத்ததில்லை. நான் ரத்தம் எடுப்பவள். முடிவு சொல்லும் நாட்களில் அவர் அறை மூலையில் எனக்கும் ஒரு நாற்காலி போடுவார்கள். தலைசுற்றி விழுபவர்களைத் தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டுமே.

மறதி நோய் குடும்பத்தில் இறங்குமா என்று கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது மேடத்தின் வேலை. “வருமா, வராதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க” என்று மேசையைத் தட்டியவர்கள் உண்டு. “வரலாம்” என்பார். ஒரே வார்த்தைதானே. இன்றைக்கு மழை வருமா என்று நான் ஒருமுறை தெரியாமல் கேட்டுவிட்டேன். “குடை எடுத்துக்கறது நல்லது” என்றார். இந்த மனுஷியை வீட்டில் எப்படித்தான் சமாளிக்கிறார்களோ என்று நினைப்பேன். வீட்டில் வேறு யாருமில்லை என்று பிறகுதான் தெரிந்தது. அதன்பிறகும் நினைத்தேன், கொஞ்சம் குறைவாக.

அவருக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. எல்லாம் சொல்லி முடித்ததும், “நான் சொன்னத உங்க வார்த்தையில ஒருதடவ சொல்லுங்க” என்பார். நோயாளியும் சொல்லவேண்டும், துணைக்கு வந்தவரும் சொல்லவேண்டும். இல்லையென்றால் மனைவி காதில் ‘வரும்’ என்று விழுந்திருக்கும், புருஷன் காதில் ‘வராது’ என்று விழுந்திருக்கும், இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போவார்கள். யாராவது தப்பாகச் சொன்னால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். எனக்கானால் பசி உயிர் போகும்.

அன்று ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். ஐம்பது வயதுதான் இருக்கும். மாணவர்களிடம் ஒரே தெருவுக்குள் திரும்பத் திரும்ப வண்டியை வளைக்கச் சொன்னதில் வேலை போயிற்று. மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் இருப்பவள். பரிசோதனை அம்மாவுக்கு மட்டும். முடிவைச் சேர்ந்தே கேட்பதென்று இருவரும் முன்பே சொல்லியிருந்தார்கள்.

மேடம் சுற்றி வளைக்கவில்லை. மரபணுவில் கோளாறு இருக்கிறது, மறதி அதனால்தான், குணமாக்க மருந்து இல்லை என்றார். அம்மா தன்னைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

“இவளுக்கு வருமா?”

“வரலாம்மா, வராமலும் போகலாம். பாதிக்குப் பாதி. டெஸ்ட் பண்ணினா தெரியும். பண்ணியே ஆகணும்னு இல்ல.”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மகள் அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அழுகை அடங்கியதும் மேடம் வழக்கம்போல் அவரவர் வார்த்தையில் சொல்லச் சொன்னார். அம்மா ஒன்றுகூடப் பிசகாமல் திருப்பிச் சொன்னார். மகளும் சொன்னாள். மேடத்துக்குத் திருப்தி. நான் அம்மாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரை வைத்தார்.

“சொல்லுங்க மேடம். ரிசல்ட் வந்துருச்சா?”

வேறு யாராவது என்றால் பேச்சை மாற்றியிருப்பார்கள். மேடம் முதலிலிருந்து ஆரம்பித்தார். அதே சொற்கள். “இவளுக்கு வருமா?” என்று அதே கேள்வி. அதே அழுகையும், இப்போதுதான் முதன்முதலாகக் கேட்டவர் அழுவதுபோல. எனக்கு வந்த கோபத்துக்கு, கையில் ஊசி இல்லாதது மேடத்தின் நல்ல நேரம்.

அம்மா கண்ணைத் துடைத்தார். ஜன்னல் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “ரிசல்ட் என்ன ஆச்சு?” என்றார். இந்தமுறை மகள் முந்திக்கொண்டாள்.

“வந்துருச்சும்மா. உனக்குக் கொஞ்சம் மறதி இருக்கு. அவ்வளவுதான்.”

“உனக்கு வருமா?”

“எனக்கு வராதும்மா.”

அம்மா நம்பவில்லை. மேடம் பக்கம் திரும்பினார். “அப்படியா மேடம்?”

மேடம் மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“ஆமாம்மா. வராது.”

அம்மாவின் முகம் அப்படியே மலர்ந்துபோயிற்று. “எனக்கு என்ன வேணா இருக்கட்டும். புள்ளைக்கு இல்லையே, அது போதும்” என்றவர், மகளின் கன்னத்தைக் கிள்ளினார். “நல்ல சேதி சொல்றாங்க, எதுக்குடி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?”

அம்மாவை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, அவருடைய கைப்பையை எடுக்க வந்தேன். மகள் இன்னும் அறைக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தாள்.

“மேடம், இப்ப எனக்கு வராதுன்னு சொன்னீங்களே.”

“ஆமா.”

“அது அம்மாவுக்காக சும்மா சொன்னதுதானே?”

பொய்யை ஆரம்பித்ததே அவள்தான். இருந்தும் கேட்டுவிட்டு, மேடத்தின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஆமாம்மா” என்றார் மேடம்.

“தெரியும் மேடம்” என்றாள். “கேட்டுப் பார்த்தேன்.”