மீராவின் பேக்ஹேண்ட்

வலியசாலையில் குடியிருந்து செக்ரட்டேரியட்டில் வேலை பார்க்கும் மீராவுக்கு டென்னிஸ் பைத்தியம் பிடித்தது நாற்பத்து நாலாவது வயதில். மகளுக்காக வாங்கிய ராக்கெட் அது. மகள் மூன்றே வாரத்தில் செஸ்ஸுக்குத் தாவிவிட்டாள். சும்மா கிடக்கிறதே என்று அதை எடுத்துக்கொண்டு போன அம்மா, ஒரே வருஷத்தில் மைதானத்துக்குக் காலையில் முதல் ஆளாக வந்து நிற்கத் தொடங்கினாள்.

பிறகு வலது முழங்கையின் வெளிப்புறம் வலிக்க ஆரம்பித்தது. தோசைமாவுப் பாத்திரத்தைத் தூக்க முடியவில்லை.

"போறும், விட்டுடு. வாக்கிங் போயேன்" என்றான் கணவன் வெங்கிடேஷ்.

மீரா பிஸியோதெரபிஸ்ட் பிரிஸில்லாவிடம் போனாள். நாகர்கோவில்காரியான பிரிஸில்லா கையை அமுக்கிப் பார்த்தாள். மலையாளம் கலந்து பேசும் அவள் அக்கா என்பதற்கு சேச்சி என்பாள். "நாளைக்கு ராக்கெட்டைக் கொண்டு வாங்க சேச்சி. நீங்க அடிக்கிறத நான் பாக்கணும்."

மறுநாள் வராந்தாவில் மீரா, புறங்கை முன்னால் வர அடிக்கும் பேக்ஹேண்டை வீசிக் காட்டினாள். பிரிஸில்லா அதைப் போனில் படம் பிடித்து மெதுவாக ஓட்டினாள். பந்து படும் இடத்துக்கு ராக்கெட் வரும்போது மீராவின் மணிக்கட்டு உள்பக்கமாக மடங்கியிருந்தது.

"கண்டோ? பந்தோட அடி முழுக்க மணிக்கட்டுல விழுது. அதை நிமித்துற தசை முழங்கையிலதான் ஒட்டியிருக்கு. அதான் அங்க வலிக்குது."

"அப்போ வேகமா அடிக்க என்னதான் பண்றது?"

"காலை ஊணுங்க. இடுப்பும் தோளும் திரும்பட்டும். கை கடைசியில வந்தா மதி, அது போதும். மணிக்கட்டு லேசா பின்னால சாஞ்சு அசையாம நிக்கணும்."

ஆறு வாரம் டென்னிஸ் இல்லை. ஒரு கிலோ டம்பெல்லைப் பிடித்து மணிக்கட்டை மெல்ல மெல்ல இறக்கினாள். கண்ணாடி முன் நின்று இடுப்பைத் திருப்பிப் பழகினாள்.

"இதென்ன, டான்ஸ் கிளாஸா?" என்றான் வெங்கிடேஷ்.

"சிரிக்காம மைதானத்துக்கு வந்து பந்தைப் போடுங்கோ."

வலி அடங்கிய பிறகு அவன் நிஜமாகவே மைதானத்துக்கு வந்து ஒரு வாளிப் பந்தை ஒவ்வொன்றாக எறிந்தான்.

ஓணத்துக்கு முந்திய வாரம் அலுவலக இரட்டையர் போட்டி. மீராவின் ஜோடி ஹரிஷங்கர். எதிரணிக்கு அவளுடைய பலவீனம் தெரியும். பந்தெல்லாம் பேக்ஹேண்டுக்கே வந்தது. முதல் இரண்டை வலையில் அடித்தாள். மூன்றாவதற்குக் காலை ஊன்றினாள். இடுப்பு திரும்பியது, தோள் தொடர்ந்தது, கை கடைசியில் வந்தது. எதிரே நின்ற இருவருக்கும் நடுவே பந்து பாய்ந்து போனது.

ஹரிஷங்கர் வாயைப் பிளந்தான். "இத எப்ப படிச்சீங்க சேச்சி?"

மீரா அதற்குள் மறுபடி காலை ஊன்றியிருந்தாள். அடுத்த பந்தும் பேக்ஹேண்டுக்கேதான் வந்தது.

அன்று ஜெயித்தார்கள். மறுநாள் அரையிறுதியில் தோற்றார்கள். மீராவுக்கோ மைதானத்தை விட்டுப் போக மனமில்லை. ஜெயித்தவர்களையே மறுபடி கூப்பிட்டு, பாயின்ட் எதுவும் எண்ணாமல் இன்னும் ஒரு மணி நேரம் ஆடினாள்.